கவசமாகும் கட்டுக்கதை

லண்டன் பெருநகரக் காவல்துறை 2025 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டது. படிநிலை கொண்ட, உறுப்பினர் பெயர்களை வெளியிடாத, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ஆதரித்துக் காக்க வேண்டும் என்று கேட்கிற எந்தச் சங்கத்தில் இருந்தாலும், முன்பு இருந்திருந்தாலும், காவலர்களும் ஊழியர்களும் அதைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்தச் சங்கத்தை மனத்தில் வைத்து எழுதிய வாசகம் இது என்பதில் ஒருவருக்கும் குழப்பமில்லை. ஃப்ரீமேசன்களின் தலைமை அமைப்பான இங்கிலாந்து ஐக்கியப் பெரும் லாட்ஜ் இதைப் பாகுபாடு என்று கண்டித்து நீதிமன்றத்தை நாடியது. உத்தரவு யாரையும் சங்கத்தை விட்டு விலகச் சொல்லவில்லை. பெயர்களை ஊரறிய ஒட்டச் சொல்லவும் இல்லை. ‘நீங்கள் உறுப்பினரா, ஆம் என்றால் சொல்லிவிடுங்கள்’ என்ற ஒரே கேள்விதான். இத்தனை எளிய கேள்விக்கு ஏன் இத்தனை பெரிய வழக்கு? மூன்று நூற்றாண்டுகளாக இந்தச் சங்கத்தைச் சுற்றி இருவேறு சந்தேகங்கள் வளர்ந்திருக்கின்றன. ஒன்று உலகையே ஆட்டிவைக்கும் சதி பற்றியது. மற்றது உள்ளூர் காவல் நிலையத்தில் நம் கோப்பைக் கையில் வைத்திருப்பவர் யார் பக்கம் என்பது பற்றியது. முதலாவது கட்டுக்கதை, இரண்டாவது நியாயமான குடிமைக் கேள்வி. கட்டுக்கதையின் சத்தத்தில் நியாயமான கேள்வி காதில் விழாமல் போகிறது என்பதுதான் இந்த வரலாற்றின் வேடிக்கை.

முதலில் ‘ரகசியம்’ எவ்வளவு ரகசியம் என்று பார்த்துவிடலாம். 1717இல் லண்டனில் நான்கு கிளைகள், அதாவது லாட்ஜுகள், ஒரு மதுக்கடையில் கூடித் தங்களுக்கு ஒரு பெரும் லாட்ஜ் அமைத்துக்கொண்டதாகச் சங்கத்தின் மரபு சொல்கிறது. இடைக்காலக் கல்தச்சர்களின் மூலைமட்டமும் கவராயமும் சின்னங்களாயின. பதிமூன்றே ஆண்டுகளில், 1730இல், சாமுவேல் ப்ரிச்சர்ட் என்பவர் சடங்குகளையும் கேள்வி பதில்களையும் அப்படியே அச்சிட்டு விற்றுவிட்டார். அந்தப் புத்தகம் பல பதிப்புகள் ஓடியது. இன்றைக்கு லண்டன் கிரேட் குயின் தெருவில் இருக்கும் ஃப்ரீமேசன்ஸ் ஹாலுக்குள் சுற்றுலாப் பயணிகள் போய்வரலாம், அருங்காட்சியகம்கூட உண்டு. புதிதாகச் சேர்பவரின் கண்ணைக் கட்டி அழைத்துப் போவதும், சட்டையின் ஒரு பக்கத்தை விலக்குவதும், ஏப்ரன் கட்டிக்கொள்வதும் எல்லோரும் அறிந்த செய்திகள். இந்தச் சடங்குகளில் பயப்பட எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கொஞ்சம் சிரிப்புத்தான் வரும். வெளியே தெரியாமல் இருப்பது சடங்கு அல்ல, ஆட்கள். யார் உறுப்பினர் என்பதை அவரவர் விரும்பினால் சொல்லலாம். இன்னொருவரைப் பற்றிச் சொல்லக் கூடாது. ஒரு ‘சகோதரர்’ இன்னொரு சகோதரருக்குக் கை கொடுக்க வேண்டும் என்ற உறுதிமொழியும் உண்டு. நாட்டுச் சட்டத்தை மீறாத வரையில்தான் அந்த உதவி என்று சங்கம் அழுத்திச் சொல்கிறது. ஆனால் அந்த எல்லையை மதிக்கிறாரா என்பதை அந்தச் சகோதரரைத் தவிர யாரும் பார்க்க வழியில்லை.

இப்போது கட்டுக்கதைக்கு வருவோம். 1738இல் போப் பன்னிரண்டாம் கிளெமென்ட் கத்தோலிக்கர்கள் இதில் சேரக் கூடாது என்று தடை போட்டார். 1797இல் பாதிரியார் பரூவேல் பிரெஞ்சுப் புரட்சியே மேசன்களும் இலுமினாட்டிகளும் தீட்டிய திட்டம் என்று தொகுதி தொகுதியாக எழுதத் தொடங்கினார். தமிழ் யூடியூபில் இன்று நடிகர் ஒருவர் விரல்களை முக்கோணமாக்கினாலே ‘இலுமினாட்டி’ என்று முத்திரை குத்துகிறார்களே, அந்தப் பேச்சின் மூலம் இங்கேதான் இருக்கிறது. அசல் இலுமினாட்டி என்பது பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் 1776இல் தொடங்கிய சிறு குழு. 1780களின் நடுவில் பவேரிய அரசு அடுத்தடுத்துப் போட்ட தடைகளோடு அதன் கதை முடிந்தது. பத்து ஆண்டுகள்கூட உருப்படியாக ஓடாத ஒரு சங்கம் இருநூற்றைம்பது ஆண்டுகளாக உலகை ஆள்கிறதாம்.

இந்தப் பேச்சு எவ்வளவு எளிதில் விலைபோகும் என்பதைக் காட்டியவர் லியோ டாக்சில் என்ற பிரெஞ்சுக்காரர். மதத்தைக் கேலி செய்து பிழைத்துவந்த இவர், 1885இல் மனம் திரும்பிக் கத்தோலிக்கராகிவிட்டதாக அறிவித்தார். பிறகு மேசன்கள் சாத்தானை வழிபடுகிறார்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். டயானா வான் என்ற ஒரு பெண், சாத்தான் கூட்டத்திலிருந்து தப்பி வந்தவர் என்று சொல்லப்பட்டு, வாசகர்களின் கண்ணீரைச் சம்பாதித்தார். போப் பதின்மூன்றாம் லியோவே டாக்சிலை நேரில் சந்தித்துப் பேசினார். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் டயானா வான் நேரில் தோன்றுவார் என்று கூட்டம் கூட்டிய டாக்சில், மேடையேறி எல்லாமே தன் கற்பனை, பன்னிரண்டு ஆண்டுகளாக உங்களை ஏமாற்றினேன் என்று அறிவித்தார். அவரைக் காவலர்கள்தான் பத்திரமாக வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அவரே பொய் என்று சொன்ன பிறகும் அந்தப் புத்தகங்களிலிருந்து மேற்கோள் காட்டுவது நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அதே சரக்கு யூத வெறுப்போடு கலந்து விஷமானது. ஸ்பெயினில் பிராங்கோ 1940 மார்ச்சில் மேசன்களையும் கம்யூனிஸ்டுகளையும் ஒடுக்கத் தனிச் சட்டம் போட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரான்சின் விஷி அரசு ரகசியச் சங்கங்களைத் தடை செய்து, அடுத்த ஆண்டு லாட்ஜ் பொறுப்பாளர்களின் பெயர்களை அரசிதழிலேயே அச்சிட்டது. அவர்கள் அரசு வேலையை இழந்தார்கள். விவேகானந்தர் 1884இல் கல்கத்தாவில் ஒரு லாட்ஜில் சேர்ந்தவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொண்டால், சாத்தான் கதைக்கு வேறு மறுப்பு வேண்டியதில்லை.

கட்டுக்கதை இப்படி என்றால், மற்ற சந்தேகம் எங்கிருந்து வந்தது? 1826இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா என்ற சிற்றூரில் வில்லியம் மார்கன் என்பவர் மேசன்களின் சடங்குகளைப் புத்தகமாகப் போடப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே சொன்னபடி, அது நூறு ஆண்டு பழைய செய்தி. இருந்தும் உள்ளூர் மேசன்கள் கொதித்தார்கள். அச்சகத்துக்குத் தீ வைக்க முயற்சி நடந்தது. செப்டம்பரில் சில்லறைக் கடன் பாக்கிக்காக மார்கன் கைதாகிக் கானன்டைகுவா சிறையில் அடைக்கப்பட்டார். யாரோ கடனைக் கட்டி அவரை விடுவித்தார்கள். வாசலில் காத்திருந்த வண்டியில் பலவந்தமாக ஏற்றப்பட்டு, வழியெல்லாம் குதிரை மாற்றி, நயாகரா கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஆனால் நாட்டை உலுக்கியது கடத்தல் மட்டும் அல்ல, அதற்குப் பின் நடந்த விசாரணை. அந்தக் காலத்தில் ஜூரர்களை அழைப்பது ஷெரீஃபின் வேலை. அந்த மாவட்டங்களின் ஷெரீஃபுகளில் பலர் மேசன்கள். சாட்சிகள் ஊரைவிட்டு மறைந்தார்கள், அல்லது வாய் திறக்க மறுத்தார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. நயாகரா மாவட்ட ஷெரீஃப் ஈலை ப்ரூஸே கடத்தலில் பங்கு வகித்ததற்காக 28 மாதம் சிறை சென்றார். கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. சங்கம் முழுவதும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. மார்கனைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு அறிவித்த மாநில ஆளுநர் டி விட் கிளின்டனும் மேசன்களில் பெரிய தலைதான். சிக்கல் எங்கே என்றால், கைது செய்பவர், ஜூரர்களைக் கூப்பிடுபவர், ஜூரியில் உட்காருபவர், சாட்சி சொல்பவர் ஆகியோருக்கு இடையே எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தெரியாத ஓர் உறவு இருந்தது.

அமெரிக்க மக்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். பிறகு தடம் மாறிவிட்டார்கள். மேசன் எதிர்ப்புக் கட்சி என்றே ஒரு கட்சி பிறந்தது. இரு பெரும் கட்சிகளுக்கு வெளியே அந்நாட்டில் எழுந்த முதல் ‘மூன்றாவது கட்சி’ அதுதான். அதிபர் வேட்பாளரைத் தேசிய மாநாடு கூட்டித் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை 1831இல் பால்டிமோரில் தொடங்கிவைத்ததும் அதுவே. ஜூரர் தேர்வைச் சீர்திருத்துவதில் தொடங்கியவர்கள், கடைசியில் ஒரு மேசனும் எந்தப் பதவியிலும் இருக்கக் கூடாது என்று நின்றார்கள். அவர்கள் நிறுத்திய வில்லியம் வர்ட் முன்னொரு காலத்தில் மேசனாகச் சேர்ந்தவர் என்பது இன்னொரு கூத்து. 1832 தேர்தலில் வெர்மான்ட் என்ற ஒரே மாநிலம் கிடைத்தது; மேசனான ஆண்ட்ரூ ஜாக்சன் மீண்டும் அதிபரானார். சில ஆண்டுகளில் கட்சி கரைந்தது. சங்கத்துக்கு விழுந்த அடியும் ஒரு தலைமுறையில் ஆறிவிட்டது.

கட்டுக்கதை எங்கே முடிகிறது, உண்மை எங்கே தொடங்குகிறது என்பதை இத்தாலியைப் போல வேறு எந்த நாடும் காட்டியதில்லை. 1981 மார்ச் 17 அன்று, மோசடி வங்கியாளர் மிகேலே சிந்தோனா பற்றி விசாரித்துக்கொண்டிருந்த மிலான் நீதிபதிகள், அரெஸ்ஸோ நகருக்கு அருகே லிச்சோ ஜெல்லி என்பவரின் ஆடைத் தொழிற்சாலை அலுவலகத்தைச் சோதனையிட ஆள் அனுப்பினார்கள். அங்கே ‘ப்ரோபகாண்டா துவே’, சுருக்கமாக பி-2, என்ற லாட்ஜின் உறுப்பினர் பட்டியல் சிக்கியது. 962 பெயர்கள். உளவுத்துறைகளின் தலைவர்கள், ராணுவத் தளபதிகள், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், ‘கொரியரே தெல்லா சேரா’ நாளிதழின் உரிமையாளரும் ஆசிரியரும், அம்ப்ரோசியானோ வங்கித் தலைவர் ரொபெர்த்தோ கால்வி, அன்று கட்டடத் தொழிலதிபராகவும் தொலைக்காட்சி முதலாளியாகவும் இருந்த சில்வியோ பெர்லுஸ்கோனி. பிரதமர் ஃபொர்லானி பட்டியலை வெளியிட இரண்டு மாதம் தயங்கினார். மே 21 அன்று வெளியிட்டார். சில நாட்களில் அரசு கவிழ்ந்தது. அவருக்குப் பின் ஜொவான்னி ஸ்பதோலினி பிரதமரானார். இத்தாலியக் குடியரசில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைச் சேராத முதல் பிரதமர் அவர்தான். 1982 ஜூனில் கால்வியின் உடல் லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தின் அடியில் தொங்கியது. 1980 ஆகஸ்டில் 85 பேரைக் கொன்ற பொலோஞ்ஞா ரயில் நிலையக் குண்டுவெடிப்பின் விசாரணையைத் திசைதிருப்பியதற்காக ஜெல்லி பின்னாளில் தண்டிக்கப்பட்டார். ராணுவ உளவுத்துறை அதிகாரிகளும் அதே குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார்கள்.

சதிக் கோட்பாட்டுக்காரர்கள் பி-2வைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடுவார்கள். எனக்கு அது அவர்களின் தோல்வியாகத்தான் தெரிகிறது. அங்கே உலகளாவிய மூளை எதுவும் இல்லை; பதவி உயர்வும் கடனும் ஒப்பந்தமும் தேடியவர்களும், இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்துவிடுவார்களோ என்று அஞ்சியவர்களும் ஒரு தரகரைச் சுற்றிக் கூடிய கூட்டம் அது. சொல்லப்போனால் மற்ற மேசன்களிடமிருந்தே மறைக்கப்பட்ட லாட்ஜ் அது. தலைமை அமைப்பான இத்தாலியப் பெரும் கீழ்த்திசை லாட்ஜ் 1976இலேயே அதன் செயல்பாட்டை நிறுத்திவைத்ததாக அறிவித்திருந்தது. ஜெல்லி பாட்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். இதை வெளிக்கொண்டுவந்தது முக்கோணச் சின்னங்களைத் துப்பறிந்த யாரும் அல்ல. வங்கிக் கணக்கைத் துரத்திக்கொண்டுபோன இரண்டு நீதிபதிகள். நாடாளுமன்றமும் நிதானமாகவே நடந்துகொண்டது. தீனா அன்செல்மி தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 1982 ஜனவரியில் வந்த சட்டம் பி-2வைக் கலைத்தது, ஃப்ரீமேசன் சங்கத்தை அல்ல. தன் இருப்பையோ நோக்கத்தையோ உறுப்பினர்களையோ மறைத்துக்கொண்டு, அரசு அமைப்புகளின் வேலையிலும் தலையிடுவதுதான் ரகசியச் சங்கம் என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. மறைப்பு மட்டும் குற்றமில்லை. மறைந்திருந்து அரசைத் தொட்டால்தான் குற்றம். இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான கோடு வேறு எங்கும் கிழிக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனின் கதை இத்தனை நாடகத்தனமானது அல்ல. அதனாலேயே நமக்கு நெருக்கமானது. 1985இல் லண்டன் காவல்துறை ஆணையர் கென்னத் நியூமன் தம் ஆட்களுக்குத் தந்த கையேட்டில், மேசனாக இருக்கும் அதிகாரி அதைத் தொடரலாமா என்று யோசிப்பது நல்லது என்று அறிவுரை சொன்னார். அடுத்த ஆண்டே லண்டன் காவல்துறை அதிகாரிகள் சேர்ந்து ‘மேனர் ஆஃப் செயின்ட் ஜேம்ஸஸ்’ என்ற புதிய லாட்ஜைத் தொடங்கினார்கள். ஆணையருக்கு அதைவிட நேரடியான பதில் வேறு தேவையில்லை. 1987 மார்ச்சில் தெற்கு லண்டனில் ஒரு மதுக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் தனியார் துப்பறிவாளர் டேனியல் மார்கன் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். (நியூயார்க் மார்கனுக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பில்லை, சதிக் கதைக்காரர்கள் அதையும் விடமாட்டார்கள்.) பல முறை விசாரித்தும் வழக்கு துலங்கவில்லை. 2021 ஜூனில் அறிக்கை தந்த சுயேச்சையான குழு, பெருநகரக் காவல்துறை நிறுவன ரீதியாகவே ஊழல்பட்டது என்று சொன்னது. விசாரணைகளில் முக்கியப் பங்கு வகித்த பத்து அதிகாரிகள் மேசன்கள் என்று கண்டது. கொலைக்கோ விசாரணையைக் கெடுக்கவோ மேசன் தொடர்புகள் பயன்பட்டதற்கு ஆதாரம் காணவில்லை என்றும் அதே அறிக்கை பதிவுசெய்தது. ஆனால் அதிகாரிகள் மேசன்களாக இருந்தது மீண்டும் மீண்டும் சந்தேகத்துக்கும் அவநம்பிக்கைக்கும் காரணமாயிற்று, ஆகவே காவலர்கள் உறுப்பினர் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 உத்தரவின் வேர் இதுதான்.

‘ஆதாரம் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு எதற்கு எங்களைக் கேட்கிறீர்கள்?’ என்பது மேசன்களின் முதல் மறுப்பு. வலுவான மறுப்புதான். 1998 முதல் புதிய நீதிபதிகள் உறுப்பினரா என்று தெரிவிக்க வேண்டும் என்றிருந்த விதியை, முறைகேடு எதுவும் தெரியவரவில்லை என்ற காரணத்தோடு 2009இல் அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா கைவிட்டார். ஆனால் பதிவே இல்லாத இடத்தில் ஆதாரம் எப்படிக் கிடைக்கும்? டேனியல் மார்கன் வழக்கில் யார் மேசன் என்பதைக் குழு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு துருவித்தான் தொகுக்க வேண்டியிருந்தது. இன்னொன்று: தெரிவித்தல் என்பது தண்டனை அல்ல. தன் மைத்துனர் கேட்ட டெண்டரைத் தானே பரிசீலிக்காமல் ஒதுங்கிக்கொள்ளும் அதிகாரியை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. உறவு இருக்கிறது என்பதே ஒதுங்கப் போதுமான காரணம். தவறு நடந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. குற்றமற்ற அதிகாரிக்கு இதில் லாபமும் உண்டு. மறைத்தவராக அல்ல, சொன்னவராக அவர் நிற்கலாம்.

இரண்டாவது மறுப்பை என்னால் இவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. பட்டியல் என்பது ஆபத்தான பொருள். விஷி அரசின் அரசிதழ் அதற்குச் சாட்சி. அப்படிப்பட்ட அரசு நாளை வந்தால் இன்றைய நல்லெண்ணப் பதிவேடு வேட்டைப் பட்டியலாகும் என்று அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின் பீதியில் பிரிட்டன் 1799இல் ரகசியச் சங்கங்களைத் தடை செய்தபோது, மேசன்களுக்கு விலக்குத் தந்தது, ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு லாட்ஜும் ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலை மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் கொடுக்க வேண்டும். 1967இல் அந்தச் சட்டம் நீக்கப்படும் வரை, 168 ஆண்டுகள், அந்த விதி சட்டப் புத்தகத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் சங்கம் நலிந்துபோகவில்லை, அரச குடும்பத்தினரையே தலைவர்களாகக் கொண்டு செழித்தது. இன்று கேட்கப்படுவது அதைவிடக் குறைவு: எல்லா உறுப்பினரும் அல்ல, காவல்துறையில் வேலை பார்ப்பவர்கள் மட்டும், அதுவும் ஊருக்கு அல்ல, தம் துறைக்கு. பேக்கரிக்காரரோ பள்ளி ஆசிரியரோ மேசனாக இருந்தால் அது அவர் பாடு. அவர் பெயரைக் கேட்க அரசுக்கு உரிமை கிடையாது என்பதில் நான் சங்கத்தின் பக்கம்தான்.

மூன்றாவது, ‘எங்களை மட்டும் ஏன்?’ இந்தக் கேள்விக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. இத்தாலியின் மார்க்கே மாகாணம் பொறுப்புகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் மேசன் அல்ல என்று எழுதித் தர வேண்டும் என்றது. 2001இல் அந்தச் சட்டம் சங்க உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பு வந்தது. ஃப்ரியூலி மாகாணம் தடை செய்யாமல் தெரிவிக்க மட்டும் சொன்னது. மற்ற சங்கங்களை விட்டு மேசன்களைக் குறிவைத்ததால் அதுவும் பாகுபாடு என்று 2007இல் தீர்ப்பானது. இதிலிருந்து தெரிவித்தலே தவறு என்று முடிவுக்கு வருபவர்கள் அவசரப்படுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் வை என்பதுதான் அதன் சாரம். லண்டன் உத்தரவு அதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டதாகவே தெரிகிறது. படிநிலை, மறைவு, பரஸ்பரப் பாதுகாப்பு என்ற தன்மைகளைச் சொல்கிறது.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் மேசனாகச் சேர்க்கப்பட்டார். இந்தியரில் அவர்தான் முதல்வர் என்று சங்கம் கருதுகிறது. மெரினா கடற்கரைச் சாலையில் தமிழ்நாடு காவல்துறைத் தலைமையகமாக இன்று நிற்கும் வெள்ளைக் கட்டடம், 1839இல் ‘பர்ஃபெக்ட் யூனானிமிட்டி’ லாட்ஜுக்காகக் கட்டப்பட்டது. காவல்துறை அதை 1865இல் வாடகைக்கு எடுத்து, 1874இல் 20,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. இதில் சதி தேடுபவர்கள் தேடட்டும்; அது வெறும் கட்டட விற்பனை. நம் ஊரில் ஓர் அதிகாரியின் தீர்ப்பைச் சாய்க்கக்கூடிய உறவுகள் லாட்ஜுகளில் இல்லை. சாதிச் சங்கம், கல்லூரித் தோழமை, ஒரே ஊர்க்காரர் என்ற பாசம், விளையாட்டு கிளப் என்று அவை வெட்டவெளியில் இருக்கின்றன. இலுமினாட்டி காணொளியை லட்சம் பேர் பார்க்கும் மாநிலத்தில், கொலை வழக்கை விசாரிக்கும் ஆய்வாளர் குற்றம் சாட்டப்பட்டவரின் சாதிச் சங்கத்தில் பொறுப்பு வகிக்கிறாரா என்று கேட்பவர்கள் குறைவு.

ஆகவே லண்டனில் நடப்பதைப் பார்த்து நாம் செய்ய வேண்டியது மேசன்களைத் தேடுவது அல்ல. காவலர், நீதிபதி, அரசு வழக்கறிஞர், டெண்டர் குழு உறுப்பினர் ஆகியோர் சொத்துக் கணக்கோடு தாங்கள் பொறுப்பு வகிக்கும் சங்கங்களின் பெயரையும் துறையிடம் தர வேண்டும், அந்தச் சங்கத்தார் சம்பந்தப்பட்ட கோப்பிலிருந்து ஒதுங்க வேண்டும் என்று விதி கேட்பதுதான். அடுத்த முறை தொகுதிக்கு வரும் சட்டமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.